நெரவியிலிருந்து போகும் சேலையின் அடக்கவிலை

நெரவியில் உட்கார்ந்துகொண்டு மாஹேயில் இருக்கும் ஒருவருக்குச் சேலை விற்றால் வரிச் சட்டத்தின் கண்ணில் அது உள்ளூர் வியாபாரம். மாஹே இருப்பது கேரளக் கரையில். ஏனாமுக்கு விற்றாலும் அப்படித்தான். அது ஆந்திராவில், காக்கிநாடா பக்கத்தில் இருக்கிறது. அதே சேலையை நாகூருக்கு விற்றால் அது வெளிமாநில வியாபாரம். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் தாண்டி அரை மணி நேரத்தில் நாகூர் தர்கா வாசலில் இறங்கிவிடலாம். ஆனாலும் நாகூர் தமிழ்நாடு, நாங்கள் புதுச்சேரி. காரைக்கால், புதுச்சேரி, மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்தது ஒரே யூனியன் பிரதேசம், ஜிஎஸ்டியில் ஒரே எண்: 34. தமிழ்நாட்டின் எண் 33.

நெரவியில் நான் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். மளிகைக் கடை, மருந்துக் கடை, ஓஎன்ஜிசி வளாகத்துக்கு வண்டி ஓட்டுபவர்கள் என்று முன்பெல்லாம் வந்த கணக்குகள் ஒரு மாதிரி. இப்போது வருபவை வேறு மாதிரி. கடை கிடையாது, கிடங்கு கிடையாது, பலகை கிடையாது. ஒரு போன், அதில் நாலு வாட்ஸ்அப் குரூப், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம். சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் சேலை, திருப்பூரில் பனியன் துணி, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு என்று எங்கோ இருக்கும் சரக்கின் படத்தை இங்கே போடுவார்கள். ஆர்டர் வந்ததும் வாடிக்கையாளரின் முகவரியை சப்ளையருக்கு அனுப்புவார்கள். பார்சல் அங்கிருந்து நேரே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடும். "உங்க பேர்லயே அனுப்பிடுவோம்" என்பது சப்ளையர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை. அனுப்புநர் இடத்தில் நம் ஊர்ப் பெண்ணின் பெயர் இருக்கும். சேலையை அவர் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இதற்குத்தான் டிராப்ஷிப்பிங் என்று பெயர். நம் பக்கத்தில் ரீசெல்லிங் என்றே சொல்கிறார்கள்.

பெரும்பாலும் பெண்கள் செய்யும் தொழில் இது. முதல் போடாமல், வீட்டை விட்டு வெளியே போகாமல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் செய்யக்கூடியது. இதில் அவர்கள் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் பார்த்தவரை அவர்களை ஏமாற்றுவது வேறு யாரும் இல்லை, எழுதாமல் விட்ட கணக்குதான்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தபோது சொன்னது இது: "அக்கா, ஒரு சேலைக்கு நானூறு ரூபா நிக்குது. மாசம் நூறு சேலை போவுது. நாப்பதாயிரம் இருக்கணும்ல? கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது." இளம்பிள்ளை விலை 650 ரூபாய். அவர் விற்பது 1,050 ரூபாய், கூரியர் உட்பட. கழித்தால் 400. கணக்கு சரிதானே என்று தோன்றும்.

சப்ளையரின் பில்லை எடுத்துப் பார்த்தோம். சேலை 650. கூரியர் 70. கூட்டினால் 720. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 36. ஆக, அவர் கட்டியது 756. சேலைக்கு 5 சதவீதம்தான் வரி. கூரியரைச் சேலையோடு ஒரே பில்லில் போட்டால் அதற்கும் சேலையின் வரிதான் விழும். விற்கும்போது வாங்கிய 1,050 ரூபாயும் அவருடையதல்ல. அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர். அந்த 1,050-க்குள் 50 ரூபாய் அரசாங்கத்தின் வரி. மிச்சம் 1,000தான் விற்பனை. போனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதம், அதாவது 21 ரூபாய் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக 3 ரூபாய் 78 காசு.

இப்போது எழுதிப் பார்க்கலாம். விற்பனை 1,000. சேலை 650, கூரியர் 70, கேட்வே 21. மிச்சம் 259. வரியை இங்கே சேர்க்கக்கூடாது. பில் சரியாக இருந்தால், வாங்கும்போது கட்டிய 36-ம், கேட்வேயில் கட்டிய 3.78-ம் இன்புட்டாகத் திரும்பிவிடும். வாடிக்கையாளரிடம் வாங்கிய 50-இல் அதைக் கழித்து 10 ரூபாய் 22 காசு அரசுக்குக் கட்டினால் போதும். ரொக்கமாகச் சரிபார்த்தாலும் அதே விடைதான் வரும்: 1,050-இல் 756, 24.78, 10.22 மூன்றும் போனால் 259.

நானூறு இருநூற்று ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது. இன்னும் ரிட்டர்ன் வரவில்லை.

கேஷ் ஆன் டெலிவரி என்று போட்டால்தான் ஆர்டர் வருகிறது. போட்டால் ரிட்டர்னும் வருகிறது. கூரியர்காரர் கதவைத் தட்டும்போது வீட்டில் ஆள் இருக்காது, அல்லது மனசு மாறியிருக்கும். அந்த மாதம் 100 பார்சலில் 15 திரும்பின. இவருடைய சப்ளையர் ரிட்டர்ன் எடுப்பதில்லை. கிழிசல் இருந்தால், அதுவும் பிரிக்கும்போதே எடுத்த வீடியோ இருந்தால் மட்டும் மாற்றித் தருவார். எனவே திரும்பிய 15 சேலையும் நெரவிக்கு வந்து இவர் வீட்டு பீரோவில் உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் போகும் கூரியர் 70, வரும் கூரியர் 70, வரி நீங்கலாக 140 நஷ்டம். கேஷ் ஆன் டெலிவரிக்குக் கூரியர் பிடிக்கும் கட்டணம் கேட்வேயைவிடக் கூடுதலாகவே இருக்கும். எளிமைக்காக அதையும் 21 என்றே வைத்தேன். போய்ச் சேர்ந்த 85 சேலைக்கு 259 வீதம் 22,015. திரும்பிய 15-க்கு 2,100 கழித்தால் 19,915. இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குக் கொடுத்தது 4,000. மிச்சம் 15,915. விற்ற ஒரு சேலைக்கு 187 ரூபாய்.

அது மட்டுமில்லை. பீரோவில் இருக்கும் 15 சேலைக்குக் கொடுத்த 9,750 ரூபாய் நஷ்டமும் இல்லை, கையில் பணமும் இல்லை. அது சரக்கு. சரக்கே வைக்காத தொழில் என்று நினைத்து இறங்கியவர் வீட்டில் சரக்கு இருக்கிறது. கையில் காசு நிற்கவில்லை என்றாரே, அதில் ஒரு பகுதி பீரோவுக்குள் மடித்து வைத்திருந்தது.

இந்தத் தொழிலில் அடக்கவிலை எழுதுவது பற்றி நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஒரு ஆர்டருக்கு ஒரு வரி. கடை வைத்திருப்பவர் மாதம் முழுக்க வாங்கியதையும் விற்றதையும் தனித்தனியாக எழுதி, வருஷக் கடைசியில் இருப்பை எண்ணிக் கழித்து அடக்கம் கண்டுபிடிக்கலாம். மளிகைக் கடையில் அதுதான் முடியும். எந்த மூட்டைத் துவரம் பருப்பு யாருக்குப் போனது என்று யாரும் எழுதுவதில்லை. டிராப்ஷிப்பிங்கில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கொள்முதல், ஒரு பார்சல், ஒரு பில் ஜோடியாகவே நிற்கின்றன. எந்த வியாபாரிக்கும் கிடைக்காத வசதி இது. அதை விட்டுவிட்டு வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்துக் கணக்கு எழுதுவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

அந்த ஒரு வரியில் என்னென்ன வேண்டும்? ஆர்டர் எண், வாடிக்கையாளர் பணம் கொடுத்த தேதி, பார்சல் கிளம்பிய தேதி, அது போய்ச் சேரும் ஊர், அந்த ஊரின் மாநில எண். வரி நீங்கிய விற்பனைத் தொகை. சப்ளையரின் பில் எண். இதை எழுதாதவர்களே அதிகம். சேலையின் விலையும் கூரியரும் ஒரே பில்லில் வந்தாலும் தனித்தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு கேட்வே கட்டணம், வரிக்குத் தனிக் கட்டம், கடைசியில் போய்ச் சேர்ந்ததா திரும்பியதா. போனில் இருக்கும் இலவச விரிதாளிலேயே இதை எழுதலாம். நோட்டில் கோடு போட்டு எழுதினாலும் எனக்குச் சம்மதம்தான்.

சேலையையும் கூரியரையும் ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், சேலை திரும்பி வந்தால் 650 சரக்காக நிற்கும், 70 நிற்காது. போன கூரியர் போனதுதான். மார்ச் 31 அன்று பீரோவைத் திறந்து எண்ணி, ஒவ்வொரு சேலையையும் வாங்கிய விலைக்கு எழுத வேண்டும். மடிப்புக் கலைந்து, இனி 400-க்குத்தான் போகும் என்றால் 400-க்கு எழுத வேண்டும். வாங்கிய விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதுவே கையிருப்பின் மதிப்பு. சரக்கு மதிப்பீட்டுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை, ஏஎஸ் 2, சொல்வதும் இதைத்தான்.

விளம்பரச் செலவைச் சேலையின் அடக்கத்தில் சேர்க்க வேண்டாம். அது மாதச் செலவு. தனியாக எழுதி, மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்த சேலைகளால் வகுத்துப் பார்த்தால் போதும்.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இளம்பிள்ளை சப்ளையர் தமிழ்நாட்டில் இருக்கிறார். வாடிக்கையாளர் சென்னையில் இருக்கிறார் என்று வையுங்கள். சேலை சேலத்தில் கிளம்பிச் சென்னையில் இறங்குகிறது. புதுச்சேரி மண்ணையே மிதிக்கவில்லை. ஆனால் சப்ளையருக்குப் பணம் கொடுத்து, 'இந்த முகவரிக்கு அனுப்புங்கள்' என்று சொன்னவர் நெரவியில் இருக்கிறார். இப்படிப்பட்ட வியாபாரத்துக்காகவே ஐஜிஎஸ்டி சட்டம் 2017-இல் 10(1)(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் சொல்லி இன்னொருவருக்குச் சரக்கு போனால், சொன்னவரே அதைப் பெற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய தொழில் எங்கே பதிவாகியிருக்கிறதோ அதுவே அந்த விற்பனை நடந்த இடம். எனவே சப்ளையர் நெரவிப் பெண்ணுக்குப் போடும் பில்லில் இடம் 34, வரி வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. பிறகு நெரவிப் பெண் சென்னைக்காரருக்குப் போடும் பில்லில் இடம் 33, அதற்கும் ஐஜிஎஸ்டி. ஒரு பார்சல், இரண்டு பில், இரண்டும் வெளிமாநில பில்.

அந்தப் பெண்ணின் பில்களை நான் பார்த்தபோது வரி இருக்கும் இடத்தில் உள்ளூர் விற்பனைக்கான இரண்டு வரிகள் இருந்தன. சிஜிஎஸ்டி 18.00. எஸ்ஜிஎஸ்டி 18.00. கூட்டினால் அதே 36தான். அவருக்கு வித்தியாசம் தெரிய நியாயமில்லை. சப்ளையரிடம் இருந்த பையன் பார்சல் போகும் ஊரைப் பார்த்து, சேலத்திலிருந்து சென்னைக்குத்தானே போகிறது என்று தமிழ்நாட்டு பில் போட்டிருக்கிறான். அந்த எஸ்ஜிஎஸ்டி தமிழ்நாட்டு அரசின் வரி. புதுச்சேரியில் பதிவு பெற்றவர் அதை இன்புட்டாக எடுக்க முடியாது. தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனையாகப் போட்ட பில் என்பதால் சிஜிஎஸ்டியும் கிடைக்காது. ஐஜிஎஸ்டி 36.00 என்று ஒரே வரியாக இருந்திருந்தால் முழுதும் கிடைத்திருக்கும். 36 ரூபாய் வரியாக இருந்து திரும்புவதா, அடக்கவிலையில் ஏறி 720-ஐ 756 ஆக்குவதா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. 100 பில்லுக்கு 3,600 ரூபாய்.

சரக்கைக் கண்ணால் பார்க்காமல் இன்புட் எடுக்கலாமா என்று சிலர் பயப்படுகிறார்கள். எடுக்கலாம். சிஜிஎஸ்டி சட்டத்தின் 16-ஆம் பிரிவில் விளக்கமே இருக்கிறது: நீங்கள் சொல்லி இன்னொருவருக்கு அனுப்பினால் நீங்கள் பெற்றதாகவே அர்த்தம். பில் முறையாக இருக்க வேண்டும், சப்ளையர் அதைத் தன் கணக்கில் காட்டியிருக்க வேண்டும், உங்கள் இன்புட் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் அது தெரிய வேண்டும். முக்கியமானவை இவை.

இந்த எல்லை எங்களுக்குப் புதிதல்ல. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பிடித்ததிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று அவர்கள் ஒப்படைத்தது வரை, சுற்றிலும் தஞ்சைச் சீமை, நடுவில் நாங்கள். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் முடிந்தது. அந்தக் காலத்தில் நாகூர்ப் பக்கம் போக வேண்டுமென்றால் சுங்கத்தைத் தாண்டியாக வேண்டும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது நாடு முழுக்க வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அவற்றுக்கு மட்டும் இன்றும் அந்தப் பக்க விலை, இந்தப் பக்க விலை என்று உண்டு. மற்றச் சரக்குக்கு எல்லை இப்போது பில்லில்தான் இருக்கிறது.

பதிவே தேவையில்லாமல் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். இங்கேயும் காரைக்கால் ஆளுக்கும் நாகூர் ஆளுக்கும் வித்தியாசம் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் சரக்கு மட்டும் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு 40 லட்ச ரூபாய் ஆனது. ஆனால் அந்தச் சலுகையில் சில மாநிலங்கள் சேரவில்லை; அதில் புதுச்சேரியும் ஒன்று. எங்களுக்கு 20 லட்சம்தான். அந்த 20 லட்சமும் யூனியன் பிரதேசத்துக்குள் மட்டும் விற்பவர்களுக்கே. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால், ஒரே ஒரு சேலையாக இருந்தாலும், சிஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம். நாகூரில் இருக்கும் ரீசெல்லர் சென்னை, கோவை, கன்னியாகுமரி வரை தன் மாநிலத்துக்குள்ளேயே 40 லட்சம் வரைக்கும் பதிவில்லாமல் விற்கலாம். நெரவியில் இருப்பவர் நாகூருக்கு ஒன்று விற்றாலே பதிவு வேண்டும். சிறு வியாபாரிக்கு இது நியாயமில்லை என்பது என் கருத்து. நான்கு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஒரு பிரதேசத்துக்கு, அதுவும் மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்த காரைக்காலுக்கு, வெளிமாநிலம் என்ற விதி வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது. கேட்க வேண்டியவர்கள் இதை ஜிஎஸ்டி கவுன்சிலில் கேட்க வேண்டும்.

பதிவு பெறாமல் காரைக்காலுக்குள் மட்டும் விற்பவருக்கு அடக்கவிலை வேறு. அவருக்கு இன்புட் கிடையாது. ஆகவே சேலைக்கும் கூரியருக்கும் சேர்த்து அவர் அடக்கம் 720 இல்லை, 756. கேட்வேயும் 21 இல்லை, 24.78. அவர் வாடிக்கையாளரிடம் வரி என்று எதையும் வாங்கக்கூடாது; 1,050 முழுதும் விற்பனை. கழித்தால் 269 ரூபாய் 22 காசு. பதிவு பெற்றவருக்கு 259. வித்தியாசம் 10 ரூபாய் 22 காசு, அதாவது பதிவு பெற்றவர் அரசுக்குக் கட்டும் அதே தொகை. ஜிஎஸ்டி பதிவு பெற்றால் தொழிலே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்தப் பத்து ரூபாயைப் பார்க்க வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான கம்போசிஷன் திட்டம் வெளிமாநிலத்துக்கு விற்பவர்களுக்குக் கிடையாது என்பதால் அதைப் பற்றி இங்கே பேசிப் பயனில்லை.

பெரிய ஆன்லைன் சந்தைகள் மூலம் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பணம் வரும்போது ஜிஎஸ்டிக்காக 0.5 சதவீதம் டிசிஎஸ் பிடித்திருப்பார்கள். 2024 ஜூலை 10-க்கு முன்பு அது 1 சதவீதம். வருமான வரிக்காக 0.1 சதவீதமும் பிடிப்பார்கள். இவை இரண்டும் செலவு அல்ல. உங்கள் பெயரில் அரசிடம் இருக்கும் பணம். கணக்குத் தாக்கல் செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம். நிறையப் பேர் இதையும் கமிஷனோடு சேர்த்துச் செலவாக எழுதிவிட்டு மறந்துபோகிறார்கள்.

இன்னொரு வகை ரீசெல்லிங் உண்டு. ஒரு செயலியில் சரக்கைக் காட்டுவீர்கள். பில் சப்ளையரின் பெயரில் நேரே வாடிக்கையாளருக்குப் போகும். உங்கள் பங்கு மட்டும் உங்கள் வங்கிக்கு வரும். அப்போது நீங்கள் வியாபாரி அல்ல, தரகர். டெல்டாவில் நெல் தரகரையும் நெல் வியாபாரியையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும்: தரகர் மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார், நெல்லின் விலை அவர் கணக்கில் ஏறாது. அதே போல இங்கே சேலையின் 650 உங்கள் கொள்முதல் இல்லை, 1,050 உங்கள் விற்பனை இல்லை. வந்த தரகு மட்டுமே வருமானம். ஏஎஸ் 9 என்ற கணக்கியல் தரநிலையும் தரகருக்கு வருமானம் தரகுத் தொகை மட்டுமே என்கிறது. தரகு என்பது சேவை. சேவைக்கு வெளிமாநிலமாக இருந்தாலும் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை.

நீங்கள் இதில் எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விலையை யார் வைப்பது, பார்சல் திரும்பினால் நஷ்டம் யார் தலையில் என்றும் பாருங்கள். பார்சலின் மேல் உங்கள் பெயர் இருப்பது மட்டும் போதாது. கேஷ் ஆன் டெலிவரிப் பணத்தை சப்ளையரே வாங்கிக்கொண்டு, தன் பங்கைக் கழித்து மிச்சத்தை உங்களுக்கு அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. பில் உங்கள் பெயரில் இருந்தால், மிச்சமாக வந்தது எவ்வளவாக இருந்தாலும், விற்பனை, கொள்முதல், கட்டணம் மூன்றையும் முழுதாக எழுதியாக வேண்டும். வந்த மிச்சத்தை மட்டும் ஒரே தொகையாக எழுதினால் விற்பனை குறைத்துக் காட்டியதாகிவிடும். நீங்கள் எந்த வகை என்பது வருமான வரியிலும் முக்கியம்: 44ஏடி என்று நமக்குப் பழகிய அனுமான வருமானத் திட்டம் வியாபாரிக்கு உண்டு, தரகு வருமானத்துக்குக் கிடையாது.

தேதி விஷயத்திலும் கவனம் வேண்டும். வாடிக்கையாளர் மார்ச் 30 அன்று பணம் கட்டுகிறார். அன்றே நீங்கள் சப்ளையருக்குக் கட்டிவிடுகிறீர்கள். பார்சல் ஏப்ரல் 2 அன்று கிளம்புகிறது. வந்தது விற்பனை அல்ல, வாடிக்கையாளரின் முன்பணம். கொடுத்தது கொள்முதல் அல்ல, சப்ளையரிடம் இருக்கும் உங்கள் முன்பணம். இரண்டும் ஏப்ரல் 2 அன்று சேர்ந்தே விற்பனையாகவும் அடக்கமாகவும் மாறும். விற்பனை ஒரு வருஷத்திலும் அதன் அடக்கம் இன்னொரு வருஷத்திலும் விழுந்தால் இரண்டு வருஷ லாபமும் பொய். சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை; பில் தேதிதான் கணக்கு. பார்சல் கிளம்பும் நேரத்துக்கு உங்கள் பில்லும் தயாராகியிருக்க வேண்டும். அதனால் கிளம்பிய செய்தியை சப்ளையர் அன்றன்றே அனுப்புவது முக்கியம். வாரம் ஒரு முறை மொத்தமாக அனுப்புகிறேன் என்பவரிடம் வியாபாரம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பெண்ணின் கதை என்ன ஆனது என்றால், சப்ளையரிடம் பேசினோம். முதலில் "சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளதானே போவுது" என்றார். 10(1)(பி)-யை அவருடைய ஆடிட்டருக்கு அனுப்பிய பிறகு ஒத்துக்கொண்டார். தவறான வகையில் கட்டிய வரியை அவர் திரும்பக் கேட்கவும், சரியான வரியைக் கட்டவும் சிஜிஎஸ்டி சட்டத்தின் 77-ஆம் பிரிவு வழி தருகிறது, அவருக்கும் நஷ்டமில்லை. இப்போது வரும் பில்களில் ஐஜிஎஸ்டி ஒரே வரியாக இருக்கிறது. சேலை விலையை அந்தப் பெண் 1,050-இலிருந்து 1,120 ஆக்கினார். கேஷ் ஆன் டெலிவரி கேட்பவர்களிடம் கூரியர் காசை மட்டும் முன்னாலேயே வாங்குகிறார். ஆர்டர் குறைந்தது. ரிட்டர்ன் அதைவிட அதிகமாகக் குறைந்தது.

காரைக்கால் பகுதியிலிருந்து விற்கும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சப்ளையர் அனுப்பிய பில்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்குகிறதா, வரி ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று தமிழ்நாட்டு வரியாகப் பிரிந்திருந்தால் உடனே சப்ளையரைத் திருத்தச் சொல்லுங்கள். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு இன்புட் எடுக்க அடுத்து வரும் நவம்பர் 30 வரைதான் நேரம்; ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அதோடு சரி.